வேலையை விட்டு உளவியல் முதுகலைக்குப் போகிறீர்களா? சேரும் முன் படிக்க வேண்டிய பாடங்கள்

ஐ.டி. நிறுவனத்தில் எட்டு ஆண்டு, வங்கியில் பத்து ஆண்டு, பள்ளியில் கணக்கு டீச்சராகப் பன்னிரண்டு ஆண்டு என்று வேலை பார்த்தவர்கள் உளவியல் பக்கம் திரும்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “எல்லோரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.” நல்ல குணம்தான், பின்னால் உதவும். ஆனால் எம்.எஸ்சி. உளவியலின் முதல் பருவத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. அங்கே உங்களை உட்காரவைத்துக் கேட்பது திட்ட விலக்கத்தையும், ஆய்வு வடிவமைப்பையும், நேரத்துக்கு முடிக்காத ரெக்கார்டு நோட்டையும்தான். இளங்கலையில் மூன்று ஆண்டு உளவியல் படித்துவிட்டு வந்த இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை, வேலையில் இருந்துகொண்டே ஓராண்டில் பெரும்பகுதி நிரப்பிவிடலாம். எதை, எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, வேறு பாடத்தில் பட்டம் வாங்கி, இந்தியாவிலேயே முதுகலை படிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

‘சைக்காலஜி படிக்கப் போகிறேன்’ என்பது இன்னும் முடிவாகாத முடிவு. முதுகலைக்குப் பிறகு குறைந்தது மூன்று வழிகள் பிரிகின்றன. மூன்றுக்கும் தயாரிப்பு வேறு.

மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக, அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, வேலை பார்க்க வேண்டும் என்றால் முதுகலை போதாது. அது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்ய வேண்டிய தொழில். 1992-ம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி, பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளரை அந்தக் கவுன்சில் ஏற்ற தகுதியை வைத்தே வரையறுக்கிறது. பல ஆண்டுகளாக இதற்கான வழி, முதுகலைக்குப் பின் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதற்குப் பெயர்போன இடம். எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. நிறுத்தியபோது மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. அதற்குப் பிந்தைய பாடத்திட்டங்களை ஆர்.சி.ஐ. படிப்படியாக மாற்றி வருகிறது. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் நண்பர் சொன்னதையோ யூடியூப் காணொளியையோ நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள், நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

இரண்டாவது வழி உளவியல் ஆலோசனை: பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், பெரிய நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவு. இங்கே முதுகலைப் பட்டத்தோடு வேலைக்குப் போகலாம். மனிதவளத் துறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் தொழிலக உளவியலும் இதே திசைதான்.

மூன்றாவது ஆராய்ச்சி. மென்பொருள் பின்னணி உள்ளவர்கள் இதை யோசிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். காந்திநகர் ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி. ஆகியவற்றில் அறிதிறன் அறிவியலில் (மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது என்று ஆராயும் துறை) எம்.எஸ்சி. இருக்கிறது, பொறியியல்காரர்களுக்கு அங்கே நிரல் எழுதத் தெரிந்ததே பெரிய முதலீடு. இந்த வழியில் வயதை ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரம்பு இருக்கிறது. பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. இந்த உதவித்தொகையைத் தரும் அதே நெட் தேசியத் தகுதித் தேர்வில், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை.

2. தொலைதூரக் கல்வியை நம்பித் திட்டம் போடாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்வரை வேலை மாறுகிறவர்களுக்கு எல்லோரும் சொன்ன வழி ஒன்று: வேலையை விடாமல் அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவதால், உளவியலையும் ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல் போன்ற துறைகளையும் தொலைதூர, ஆன்லைன் முறையில் பட்டமாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இதற்குப் பிறகும் “யு.ஜி.சி. அங்கீகாரத்துடன் ஆன்லைனில் எம்.எஸ்சி. சைக்காலஜி” என்று ஒருவர் போன் செய்தால், சேர்க்கைக் கட்டணம் பற்றிப் பேசுவதற்கு முன்பே போனை வைத்துவிடலாம்.

இதற்கு என்ன பொருள்? இரண்டு ஆண்டு முழுநேரம் கல்லூரிக்குப் போக வேண்டும். சம்பளம் இருக்காது. வீட்டுக் கடன் தவணை நிற்காது. அதனால்தான் வேலையில் இருக்கும் கடைசி ஓராண்டைத் தயாரிப்புக்குப் பயன்படுத்தச் சொல்கிறேன். பாடமும் சேரும், சேமிப்பும் சேரும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நுழைவுத்தேர்வுக்குப் படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

3. தகுதி என்ற பத்தியை வரிக்கு வரி வாசியுங்கள்

எம்.எஸ்சி. உளவியலுக்கான தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எந்தப் பட்டமானாலும் சரி என்கிற இடங்கள் இருக்கின்றன. இளங்கலையில் உளவியலை முதன்மைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்கிற இடங்களும் இருக்கின்றன. இடையில், உளவியல் ஒரு துணைப்பாடமாகவாவது இருந்திருக்க வேண்டும் என்பார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் சதவீதத்தையும் பாருங்கள். பொறியியலில் அரியர் வைத்துக் கரையேறியவர்களுக்குப் பல இடங்களில் இங்கேதான் தடை.

சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், சேலம் பெரியார், அண்ணாமலை என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் உண்டு. சென்னை, கோவையில் பழைய கலைக் கல்லூரிகள் சிலவற்றிலும் முதுகலை இருக்கிறது. ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: நிறுவனம், கேட்கும் பட்டம், கேட்கும் மதிப்பெண், தேர்வு முறை. பிறகு ஐந்தாவதாக ஒரு பத்தி: அங்கே படித்தவர்கள் நீங்கள் முதல் படியில் தேர்ந்தெடுத்த வழிக்குப் போக முடிகிறதா? முதுகலைக்கு எந்தப் பட்டமும் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் இடத்தில் படித்துவிட்டு, அடுத்த படியில் “இளங்கலையிலும் உளவியல் வேண்டும்” என்று நிறுத்தப்படுகிறவர்கள் உண்டு. மருத்துவ உளவியலை நோக்கிப் போகிறவர்கள் இதைச் சேரும் முன்பே சரிபார்க்க வேண்டும்.

4. முதல் இரண்டு மாதம்: பள்ளிப் பாடநூல்

முப்பத்தைந்து வயதில் பதினோராம் வகுப்புப் புத்தகமா என்று கேட்க வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கற்றல், நினைவு, ஊக்கம், நுண்ணறிவு, ஆளுமை, மனநலச் சிக்கல்கள், மனப்பான்மை எல்லாம் எளிய ஆங்கிலத்தில் அதில் இருக்கின்றன. நுழைவுத்தேர்வுக் கேள்விகளில் கணிசமானவற்றுக்கு அடித்தளம் இங்கேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பழைய உளவியல் பாடக் கையேடுகள் இ-ஞான்கோஷ் தளத்தில் இருக்கின்றன. பட்டம் தொலைதூரத்தில் கிடைக்காதே தவிர, அந்தக் கையேடுகளை வாசிக்க யாரும் தடை போடவில்லை.

வாசிக்கும்போது ஒரு நோட்டில் பெயர், ஆண்டு, என்ன செய்தார், என்ன கண்டார் என்று எழுதிக்கொண்டே போங்கள். 1879-ல் லைப்சிக்கில் வுண்ட் தொடங்கிய ஆய்வகம், 1885-ல் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதிய நினைவு ஆய்வு, 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தியாவின் முதல் உளவியல் துறை என்று. நுழைவுத்தேர்வு இத்தகைய கேள்விகளை விரும்பும். நோட்டின் ‘என்ன செய்தார்’ என்ற பத்திதான் பெயரையும் ஆண்டையும்விடப் பின்னால் அதிகம் பயன்படும்.

5. மூன்றாம் மாதத்திலிருந்து: புள்ளியியலும் ஆய்வுமுறையும்

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்றவற்றை முதுகலையில் சேர்ந்த பிறகும் எட்டிப் பிடித்துவிடலாம். இது இல்லாமல் ஒரு ஆய்வுக் கட்டுரையைக்கூடப் படிக்க முடியாது.

கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் இதற்குப் பயப்படுவார்கள். பொறியியல்காரர்கள் “கணக்குதானே” என்பார்கள். எனக்குக் கவலை இரண்டாவது வகையினரைப் பற்றித்தான். சூத்திரம் அவர்களுக்குத் தெரியும். எதை அளக்கிறோம் என்பதில்தான் சிக்கல். ஒரு மின்சுற்றில் இன்று அளந்த மின்னழுத்தத்தை நாளை அளந்தாலும் அதேதான் வரும்; வராவிட்டால் கருவியைச் சந்தேகிப்போம். ஒரு கல்லூரி மாணவியிடம் பதற்றத்தை அளக்கும் வினாத்தாளை ஜூன் மாதத்தில் ஒருமுறையும், பருவத் தேர்வுக்கு முந்தைய நாள் ஒருமுறையும் கொடுக்கிறீர்கள். மதிப்பெண் இருபதிலிருந்து முப்பத்தைந்து ஆகிவிட்டது. மாறியது மாணவியா, வினாத்தாளின் குறையா? இந்தக் கேள்வியைப் பிரித்துப் பிரித்துக் கேட்பதுதான் நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா), ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா) என்ற இரண்டு அத்தியாயங்களும். உளவியல் சோதனைகள் பற்றிய முழுத் தாளும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

படிக்க வேண்டிய வரிசை இது: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், இயல்நிலைப் பரவல், ஒட்டுறவுக் கெழு, கருதுகோள் சோதனையும் அதில் வரும் இரண்டு வகைப் பிழைகளும், டி சோதனை, எஃப் சோதனை, கை-வர்க்கச் சோதனை, கடைசியாக விளைவின் அளவு. இயல்நிலைப் பரவலுக்கு நுண்ணறிவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று அமைத்திருப்பார்கள். 115 வாங்கியவர் ஏறக்குறைய 84 சதவீதம் பேருக்கு மேலே இருக்கிறார். 130-க்கு மேல் இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். இந்தக் கணக்கை நான்கைந்து முறை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு எந்தச் சோதனை அறிக்கையைப் பார்த்தாலும் மிரட்சி வராது.

கையால் போட்ட பிறகு கணினிக்கு வாருங்கள். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவச மென்பொருள்கள். நிரல் எழுதப் பழகியவர்கள் நேராக ஆர் மொழிக்கே போகலாம். வகுப்பில் மற்றவர்கள் தடுமாறும்போது உங்களைத் தேடி வருவார்கள், ஆய்வேட்டுப் பருவத்தில் குறிப்பாக.

ஆய்வுமுறையோடு சேர்த்து ஒரு நிகழ்வையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று முன்னணி உளவியல் இதழ்களில் 2008-ல் வெளியான ஆய்வுகளில் நூறை எடுத்து, பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாக மறுபடியும் செய்து பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம், முடிவு தற்செயலாக வந்ததாகத் தெரியவில்லை என்று புள்ளியியல்ரீதியாகத் தேறியவை. மறுபடி செய்ததில் தேறியவை 36 சதவீதம்தான். ஆகவே பாடநூலில் புகழ்பெற்ற சோதனை ஒன்றைப் படித்தால் அது மறுபடி செய்யப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். நேர்காணலில் இந்த ஒரு பழக்கம் தெரிந்தாலே கேட்பவரின் முகம் மாறும்.

6. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்

இளங்கலை உளவியல் படித்தவர்களுக்கு இருந்து உங்களுக்கு இல்லாத பெரிய விஷயம் பிராக்டிகல். கண்ணாடியில் பார்த்து வரைவது, நினைவு வீச்சு, மாயத்தோற்றம் என்று ரெக்கார்டு நோட்டு முழுவதும் எழுதித் தள்ளியிருப்பார்கள். நீங்கள் ஒன்றையாவது முழுதாகச் செய்யுங்கள். மியூலர்-லயர் மாயத்தோற்றம் அதற்குச் சரியானது. 1889-லிருந்து இருக்கிறது, செலவு ஒரு அட்டை.

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனையிலும் அம்புத்தலை வெளியே பார்த்து இருக்கும். மற்றதன் முனைகளில் அது திரும்பி, விரிந்த வால்போல இருக்கும். இரண்டாவது நீளமாகத் தெரியும். அளந்து காட்டிய பிறகும் அப்படியேதான் தெரியும். அம்புத்தலைக் கோட்டை அட்டையில் நிலையாக வரையுங்கள். வால் கோட்டை இன்னொரு அட்டையில் வரைந்து, முதல் அட்டைக்குள் செருகி இழுக்கும்படி வையுங்கள். பின்பக்கம் மில்லிமீட்டர் அளவு ஒட்டிக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர், இரண்டும் சமமாகத் தெரியும்வரை இழுத்து நிறுத்த வேண்டும். நீங்கள் பின்னால் பார்த்துக் குறித்துக்கொள்வீர்கள்.

இதில் பாடம் எங்கே இருக்கிறது என்றால், ஒருவரை எப்படி இழுக்க வைக்கிறீர்கள் என்பதில். சிலர் எப்போதும் இடப்பக்கத்தைச் சற்றுப் பெரிதாகக் காண்பார்கள். ஆகவே பாதி முறை இழுக்கும் கோடு வலப்பக்கம், பாதி முறை இடப்பக்கம். நீளமான நிலையிலிருந்து உள்ளே தள்ளும்போது ஒரு இடத்தில் நிறுத்துகிறவர், குட்டையான நிலையிலிருந்து வெளியே இழுக்கும்போது வேறு இடத்தில் நிறுத்துவார். ஆகவே பாதி உள்நோக்கி, பாதி வெளிநோக்கி. நான்கு சேர்க்கைகள்; ஒவ்வொன்றிலும் பத்து, மொத்தம் நாற்பது முறை. நாற்பதின் சராசரிக்கும் நிலையான கோட்டின் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மனிதரின் மாயத்தோற்ற அளவு. நான்கு வகைச் சராசரிகளையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள், பக்கத்தால் வந்த பிழை எவ்வளவு, அசைவின் திசையால் வந்தது எவ்வளவு என்பது தெரியும்.

வீட்டிலும் அலுவலகத்திலுமாகப் பத்துப் பேரிடம் செய்துவிட்டு, நோக்கம், முறை, முடிவு, விவாதம் என்று நான்கு பக்கம் எழுதுங்கள். கலந்துகொண்டவர்களின் பெயர் போடாமல் எண் போடுங்கள். தொடங்கும் முன் சம்மதம் கேளுங்கள். ‘கட்டுப்பாடு’ என்ற சொல் ஆய்வில் எதற்கு வருகிறது என்று இதன் பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

7. மற்றத் தாள்கள்

உயிரியல் உளவியலைத் தள்ளிப்போடாதீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்கு நரம்பணு, நரம்புக் கடத்திகள், மூளையின் பகுதிகள் எல்லாம் புதிதாக இருக்கும். ஆறு வாரமாவது வேண்டும். படம் வரைந்து படிப்பதுதான் ஒரே வழி.

வளர்ச்சி உளவியலில் பியாஜே, விகோட்ஸ்கி, எரிக்சன் மூவரையும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். ஆசிரியர்களாக இருந்தவர்கள் பி.எட்.டில் பாதியைப் படித்திருப்பீர்கள். அறிதிறன் உளவியலில் கவனம், நினைவு, முடிவெடுத்தல். சமூக உளவியல் எல்லோருக்கும் பிடிக்கும், தானாகப் படித்துவிடுவீர்கள். ஆனால் சோதனைகளை எண்ணோடு படியுங்கள். இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லிப் பார்த்து மில்கிராம் 1963-ல் வெளியிட்ட கீழ்ப்படிதல் ஆய்வில் ‘பெரும்பாலோர் கீழ்ப்படிந்தார்கள்’ என்று எழுதினால் பாதி மதிப்பெண். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று எழுத வேண்டும்.

மனநோயியலைக் கடைசியில் வையுங்கள். ஆசைப்பட்டு முதலில் இதைத்தான் திறப்பீர்கள், எனக்குத் தெரியும். திறந்த இரண்டாவது வாரத்தில் மேலாளருக்கு ஒரு நோய், மாமியாருக்கு ஒரு நோய், நள்ளிரவில் தனக்கே மூன்று நோய் என்று கண்டுபிடிக்காதவர்கள் குறைவு. இயல்பான நினைவும் இயல்பான பதற்றமும் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்த பிறகு படித்தால் இந்தத் தொல்லை குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் 2022-ல் வந்த திருத்தப் பதிப்பு, இரண்டின் அமைப்பும் தெரிந்திருந்தால் இப்போதைக்குப் போதும். ஒவ்வொரு நோயையும் அறியும் அளவுகோல்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

8. சான்றிதழ்களில் எதற்கு மதிப்பு

மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளங்களான ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஆகியவற்றில் ஐ.ஐ.டி.களும் பிற பல்கலைக்கழகங்களும் நடத்தும் உளவியல் பாடங்கள் உண்டு. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பெரும்பாலும் எட்டு அல்லது பன்னிரண்டு வாரம். பாடம் இலவசம், சான்றிதழ் தேவை என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். நேரில் எழுதும் தேர்வு என்பதால்தான் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. அறிமுக உளவியல் ஒன்று, ஆய்வுமுறை அல்லது புள்ளியியல் ஒன்று, இரண்டு போதும்.

வார இறுதியில் நடக்கும் ‘சர்டிஃபைடு கவுன்சலர்’, ‘மாஸ்டர் தெரபிஸ்ட்’ வகைப் படிப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். அவை முதுகலைச் சேர்க்கைக்கு உதவாது. உதவாதது மட்டுமல்ல, மூன்று மாதப் பயிற்சியோடு ஒருவருடைய துயரத்தைக் கையாளலாம் என்ற துணிச்சலைக் கொடுத்துவிடுகின்றன. விண்ணப்பத்தில் இத்தகைய சான்றிதழ்கள் ஐந்தாறு அடுக்கப்பட்டிருந்தால் பேராசிரியர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

9. பாடத்துக்கு வெளியே ஒரு பாடம்

வாரம் ஒரு நாள் எங்காவது தன்னார்வலராகப் போங்கள். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் ஸ்னேகா தற்கொலைத் தடுப்பு மையம் தன்னார்வலர்களால் நடப்பது. மனச்சிதைவு நோய்க்காக 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், வீடற்ற மனநலம் பாதித்தோருக்காக 1993-ல் தொடங்கிய பேனியன் ஆகியவையும் சென்னையில்தான் இருக்கின்றன. மற்ற ஊர்களில் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி, முதியோர் இல்லம், போதை மீட்பு மையம் ஏதாவது ஒன்று இருக்கும். ஆலோசனை வழங்கப் போகாதீர்கள். அதற்கு உங்களுக்கு இன்னும் தகுதியில்லை. பதிவேடு எழுதலாம், குழந்தைகளோடு உட்காரலாம், சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்யலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரே மனிதர் ஒரே பிரச்சினையை ஆறாவது வாரமும் சொல்லும்போது, எந்த முன்னேற்றமும் இல்லாதபோது, உங்களால் அங்கே உட்கார முடிகிறதா? பிரச்சினையைப் பதிவு செய்து, தீர்த்து, மூடிப் பழகிய ஐ.டி. மனங்களுக்கு இது கடினம். முடியவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதுதான், ஆராய்ச்சி வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழந்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

10. நோக்க அறிக்கையும் நேர்காணலும்

பல தனியார் பல்கலைக்கழகங்களும் சில அரசு நிறுவனங்களும் ஏன் உளவியல் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லும். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

“சிறு வயதிலிருந்தே மனித மனம் எனக்கு வியப்பூட்டியது. மற்றவர்களுக்கு உதவ வேண்டும் என்பது என் வாழ்நாள் கனவு.”

இதில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரையும் போடலாம். கீழே உள்ளதைப் பாருங்கள்:

“ஆறு ஆண்டு வாடிக்கையாளர் சேவை மையத்தில் இரவு ஷிப்ட் குழுவுக்குத் தலைமை தாங்கினேன். ஷிப்ட் மாறும் வாரங்களில் பிழைகள் கூடுவதைப் பதிவேடுகளில் பார்த்தேன். காரணம் தூக்கமா, பழக்கமின்மையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு முறை தெரியவில்லை. அந்த முறையைக் கற்றுக்கொள்ளவே விண்ணப்பிக்கிறேன்.”

பழைய வேலையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது இதிலிருந்து தெரிந்திருக்கும். நேர்காணலில் நிச்சயம் வரும் கேள்வி, “இத்தனை ஆண்டு கழித்து ஏன்?” அதற்கு அடுத்தது, “இருபத்தொரு வயதுப் பிள்ளைகளோடு உட்காருவீர்களா?” இரண்டுக்கும் நீளமான பதில் வேண்டாம். ஆறாம் படியில் எழுதிய நான்கு பக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும். சொந்த வாழ்க்கையின் காயத்தைக் காரணமாகச் சொல்ல நினைப்பவர்கள், அதை ஒரு வரியில் சொல்லி நிறுத்துங்கள். அது உண்மையான காரணமாகவே இருக்கலாம், ஆனால் எதிரில் இருப்பவர்கள் மாணவரைத் தேடுகிறார்கள்.

11. நுழைவுத்தேர்வு, காகிதங்கள்

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத்தேர்வின் முதுநிலைத் தேர்வு. விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர்-ஜனவரியில் வரும், தேர்வு மார்ச்சில். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். உறுதியில்லாத எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிட்டு வர முடியாது. கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் கிடைக்கும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து புதிதாக எதையும் படிக்காமல், அவற்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தனித்தனியாக அறிவிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தினமும் ஒருமுறை அவற்றின் தளங்களைப் பார்ப்பது நல்லது.

வேலையில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் காலம் இரண்டு மாதமோ மூன்று மாதமோ இருக்கும். சேர்க்கைக் கடிதம் வருவதற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் அவ்வளவு இடைவெளி இருக்காது. மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவையுங்கள். கல்லூரியில் மாற்றுச் சான்றிதழின் அசலைக் கேட்பார்கள். பத்து ஆண்டு முன் எங்கே வைத்தோம் என்று இப்போதே தேடத் தொடங்குங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களிடம் இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்பது வழக்கம். அதைப் பழைய பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் சாதிச் சான்றிதழ். உங்களிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மத்திய அரசுப் படிவத்தில், வசதிபடைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பார்த்துத் தருவது என்பதால் சேர்க்கையின்போது நடப்பு நிதியாண்டில் வாங்கியதைத்தான் கேட்பார்கள். போன ஆண்டு வாங்கியது கையில் இருந்தாலும், ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.